சூப்பர் மீட்டியார் 650: ஒருவருக்குச் சொர்க்கம், இன்னொருவருக்கு இடுப்பு வலி, ஏன்?

நாமக்கல்லில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வயது 44, உயரம் 165 செ.மீ., எட்டு வருடமாக புல்லட் 350 ஓட்டுகிறார். அடுத்து ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 வாங்க ஆசை. மாதம் ஒருமுறை மனைவியோடு பெங்களூரு போய் வருவார். அந்த வண்டியை ஓட்டிய நண்பர்களில் ஒருவர் சொர்க்கம் என்கிறாராம், இன்னொருவர் இரண்டே மணி நேரத்தில் இடுப்பு கழன்றுவிட்டது என்கிறாராம். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். எந்த ரோட்டில் ஓட்டினார்கள் என்று மட்டும் விசாரித்துப் பாருங்கள், பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

2023 ஜனவரியில் இந்த வண்டி விற்பனைக்கு வந்ததிலிருந்து ஓட்டியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே குரலில் புகழ்வது இன்ஜினைத்தான். 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன். கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, 270 டிகிரி அமைப்பில் இருப்பதால் இரண்டு சிலிண்டரும் சம இடைவெளி விட்டு வெடிக்காது, அதனால்தான் அந்த லேசான நொண்டித் துடிப்பு, கேட்கவே அவ்வளவு நன்றாக இருக்கும். உங்கள் புல்லட் 90-ஐத் தாண்டினால் கைப்பிடியும் கண்ணாடியும் அதிரும் இல்லையா, இதில் 100-110-இல் நாள் முழுக்கப் போகலாம், கை மரத்துப் போகாது. டாப் கியரிலேயே லாரியைத் தாண்டிவிடலாம். கிளட்சும் புல்லட்டைவிட லேசு. கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு போகும் நெடுஞ்சாலை இந்த வண்டிக்கென்றே போட்டது போல இருக்கும். சொர்க்கம் என்ற நண்பர் அப்படி ஒரு ரோட்டில்தான் ஓட்டியிருப்பார்.

இனி இடுப்புக்கு வருகிறேன், உங்கள் முடிவு இதில்தான் இருக்கிறது.

சீட் உயரம் 740 மி.மீ. 165 செ.மீ. உயரத்துக்கு இரண்டு காலும் தாராளமாகத் தரையில் பதியும், நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் சீட்டை இவ்வளவு கீழே வைத்தால் பின்சக்கரம் மேலே ஏறி இறங்க இடம் குறைந்துவிடும். பின் ஷாக் அப்சார்பர் அமுங்கும் தூரம் 101 மி.மீ. மட்டுமே, அதற்குள் பள்ளத்தைச் சமாளிக்க வேண்டுமென்பதால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்பாகத்தான் வைக்க முடியும். இதோடு ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருக்கிறது. புல்லட்டில் பள்ளம் வந்தால் உங்களை அறியாமலே காலை ஊன்றி லேசாக எழும்பிக்கொள்வீர்கள், அடி முழங்காலோடு நின்றுவிடும். கால் முன்னால் நீட்டியிருந்தால் அப்படி எழும்ப முடியாது, மொத்த அடியும் நேராக வால் எலும்புக்குப் போகும். இப்படி சீட் தாழ்ந்து கால் முன்னால் நீளும் வண்டிகளை கிரூசர் என்பார்கள், அந்த வகையில் பொதுவாக இந்தச் சிக்கல் உண்டு, நல்ல ரோட்டில் தெரியாது, குண்டும் குழியுமான ரோட்டில் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஏற்கெனவே முதுகு வலி இருப்பவராக இருந்தால் நான் இந்த வண்டியைச் சொல்லவே மாட்டேன்.

அடுத்தது எடை, 241 கிலோ. உங்கள் புல்லட்டைவிடச் சுமார் 50 கிலோ கூடுதல். நகர ஆரம்பித்துவிட்டால் கனம் தாழ்வாக இருப்பதால் பெரிதாகத் தெரியாது, எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நிற்கும்போதுதான் தெரியும். வீட்டு வாசல் சரிவாக இருந்து, வண்டியைப் பின்னால் தள்ளி ஏற்ற வேண்டியிருந்தால் தினமும் காலையில் மல்லுக்கட்டுதான். கனமான வண்டி ஒன்று சரிவில் ஒருமுறை என் கையை விட்டுச் சாய்ந்திருக்கிறது, இரண்டு பேர் வந்துதான் தூக்கினோம், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள், இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள்.

தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடைவெளி 135 மி.மீ. இரண்டு பேர், பை என்று ஏற்றினால் இன்னும் குறையும். நம் ஊர் வேகத்தடை சில இடங்களில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அடி தட்டும். பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டால் ஓரளவு தப்பிக்கலாம். பக்கத்திலேயே கொல்லிமலை இருக்கிறது, 70 கொண்டை ஊசி வளைவு, அங்கே இதை வேகமாகச் சாய்க்க நினைக்காதீர்கள், ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசும். நிதானமாக ஏறினால் பயமில்லை.

பெட்ரோல் டேங்க் 15.7 லிட்டர். லிட்டருக்கு 20-லிருந்து 25 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம், பெங்களூரு வரை நிரப்பாமலே போய்விடலாம். டவுன் நெரிசலில் கால் பக்கம் சூடு அடிக்கும், அதுவும் சித்திரை வெயிலில்.

விலையையும் யோசித்துக்கொள்ளுங்கள். அறிமுகமானபோது ஷோரூம் விலை 3.49 லட்சத்தில் தொடங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்குள் இருப்பவற்றுக்கு 18. அதனால் 350-க்கும் இதற்கும் நடுவே உள்ள விலை வித்தியாசம் முன்பைவிட அதிகம்.

என் கருத்து கேட்டால், பெங்களூரு பயணம்தான் முக்கியம், தினசரி ஆபீஸுக்கு புல்லட் வீட்டிலேயே இருக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஆசைப்பட்டதற்குப் பலன் இருக்கும். புல்லட்டை விற்றுவிட்டு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே என்றால் வேண்டாம். அதே இன்ஜின் வேண்டும், ஆனால் கால் முன்னால் நீளாமல் உடம்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்றால் இன்டர்செப்டர் 650-ஐயும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், சீட் உயரம் கூடுதல், ஆனால் எடை குறைவு.

அப்புறம், உங்கள் கடிதத்தில் மனைவிக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு வரிகூட இல்லை. பின் சீட்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் உட்காரப் போவது அவர்கள். செலஸ்டியல் என்ற வகையில் பின்னால் சாய்மானமும் முன்னால் கண்ணாடியும் வரும், உங்களுக்கு அதுதான் சரி. டெஸ்ட் ரைடுக்கு அவர்களையும் கூட்டிப் போங்கள், கிளம்பும் முன் பின் ஸ்பிரிங்கை இரண்டு பேர் எடைக்கு வைத்துத் தரச் சொல்லுங்கள், பைபாஸில் ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்படியே ஏதாவது ஒரு கிராமத்து ரோட்டிலும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். இறங்கியதும் முதலில் அவர்களைக் கேளுங்கள்.