அமெரிக்க விதி மாற்றமும் வீட்டுப் பத்திரமும்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

மகனுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். அட்மிஷன் கிடைத்து, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவமும் கைக்கு வந்துவிட்டது, ஆனால் வாட்ஸ்அப்பில் தினம் ஓர் அமெரிக்கச் செய்தி வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படிப்புக் கடனுக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா, வேண்டாமா என்பதுதான் உங்கள் கேள்வி. பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் அனுப்பிய செய்திகளைப் பிரித்துப் பார்த்துவிடலாம். எல்லாமே உங்கள் மகனைப் பற்றியவை இல்லை.

முதலில், அங்கே வேலை பார்ப்பதற்கான ஹெச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற செய்தி. உங்களை அதிகம் பயமுறுத்தியதும் அதுதான். அதிபர் டிரம்ப் 2025 செப்டம்பர் 19 அன்று அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். வருடா வருடம் கட்ட வேண்டியிருக்கும் என்பதுபோல அவருடைய வர்த்தகச் செயலர் லட்னிக் பேசினார். மறுநாளே வெள்ளை மாளிகை, ஒரே ஒரு முறைதான், அதுவும் புது விண்ணப்பங்களுக்கு மட்டும்தான் என்று விளக்கம் தந்தது. இந்த இடைவெளிக்குள் விடுமுறைக்கு வந்திருந்த எத்தனையோ பேர் பதறி டிக்கெட் போட்டுத் திரும்பினார்கள். அப்புறம் அக்டோபர் 20 அன்று குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். எழுத்துபூர்வமாக இன்னொரு விளக்கம் வெளியிட்டது. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் விசாவிலிருந்து ஹெச்-1பி-க்கு மாறி, அந்த மாற்றம் ஏற்கப்பட்டால் இந்தக் கட்டணம் கிடையாது. அங்கேயே படித்து, அங்கேயே வேலை தேடப்போகும் உங்கள் மகனுக்கு முக்கியமான வரி இதுதான். ஆனால் முதல் நாள் செய்தி பரவிய அளவுக்கு இந்த விளக்கம் பரவவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்த நிலை மாற்ற விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் சலுகை போய்விடும். வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று எது இருந்தாலும் அந்த மாதங்களில் பிள்ளையை ஊருக்குக் கூப்பிடாதீர்கள். அந்தப் பிரகடனம் முதலில் 12 மாதத்துக்கு என்றுதான் போடப்பட்டது, நீட்டிக்கவும் அதிலேயே வழி இருக்கிறது. அதனால் அவன் விண்ணப்பிக்கும் காலத்தில் எது நடைமுறையில் இருக்கிறது என்பதை அப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு லட்சம் டாலரை விட உங்கள் மகனை நேரடியாகத் தொடக்கூடியது, அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றம். ஹெச்-1பி-க்கு வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுநிலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. விண்ணப்பங்கள் இதைவிட அதிகம் வருவதால் குலுக்கல் போடுவார்கள். முன்பு அந்தக் குலுக்கலில் யாருக்கு என்ன சம்பளம் என்று பார்த்ததில்லை. 2025 டிசம்பரில் வந்த இறுதி விதிப்படி சம்பள நிலைதான் (குறைந்தது முதல் நிலை, அதிகமானது நான்காம் நிலை) வாய்ப்பைத் தீர்மானிக்கிறது. நான்காம் நிலைச் சம்பளக்காரரின் பெயர் குலுக்கலில் நான்கு முறை சேரும், முதல் நிலைக்காரரின் பெயர் ஒரு முறைதான். 2026 பிப்ரவரி 27 முதல் இது அமலுக்கு வந்தது. புதிதாகப் படித்து வெளியே வருபவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு நிலைகளில்தான் சேர்வார்கள். லாட்டரியில் எப்படியும் விழுந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

"நாலு வருடத்துக்கு மேல் தங்க முடியாது" என்று நீங்கள் அனுப்பிய செய்தி 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியான ஒரு முன்மொழிவிலிருந்து வந்தது. படிப்பு முடியும்வரை தங்கலாம் என்ற முறையை மாற்றி அதிகபட்சம் நான்கு வருடம் என்று வரம்பு வைக்கவும், படிப்புக்குப் பின் கிடைக்கும் 60 நாள் அவகாசத்தை 30 ஆகக் குறைக்கவும் அதில் யோசனை இருந்தது. இதே மாதிரி ஒரு முன்மொழிவு 2020 செப்டம்பரிலும் வந்தது, 2021-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முன்மொழிவு என்றால் இன்னும் சட்டமாகவில்லை, மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

இதைத் தெரிந்துகொள்ள நம் அரசிதழ் மாதிரி அமெரிக்காவில் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. அரசு வேலை நாள் ஒவ்வொன்றிலும் வெளியாகும், இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அடுத்த முறை ஏதாவது ஃபார்வர்டு வந்தால் மகனை அதில் தேடச் சொல்லுங்கள். 'புரொபோஸ்டு ரூல்' என்று தலைப்பில் இருந்தால் பதற வேண்டாம். 'ஃபைனல் ரூல்' என்று இருந்தால் 'டேட்ஸ்' என்ற பத்தியில் எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள், யாருக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கணினிப் படிப்பு படித்த பையனுக்கு இது பத்து நிமிட வேலை. கன்சல்டன்சியில் சொன்னார்கள், சீனியர் சொன்னான் என்பதையெல்லாம் அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

விசா நேர்காணலுக்கு இரண்டு விஷயம் மட்டும். 2025 ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும். டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கடந்த 5 வருடக் கணக்குகளைக் கேட்பார்கள், பழைய கணக்கு என்று எதையும் மறைக்க வேண்டாம். அதே வருடம் செப்டம்பரில், சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். வேறு நாட்டில் சீக்கிரம் தேதி வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, வீட்டுப் பத்திரத்துக்கு வருகிறேன். படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்று 12 மாதம் வேலை செய்யலாம், ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்பாக இருந்தால் மேலும் 24 மாதம். ஆக ஸ்டெம் படிப்புக்கு மொத்தம் மூன்று வருடம். ஆனால் ஓ.பி.டி.-யே அரசுத் துறை விதியால் வந்ததுதான், விதியாலேயே மாறவும் கூடும். அதனால் கடனை அமெரிக்கச் சம்பளத்தில் பத்து வருடத்துக்குப் பரப்பிக் கணக்குப் போடாதீர்கள். பையன் படிப்பு முடிந்து நேரே சென்னைக்கோ பெங்களூருக்கோ திரும்பி இங்கே சம்பாதித்தால், அந்தச் சம்பளமும் உங்கள் வருமானமும் சேர்ந்து மாதத் தவணையைக் கட்டுமா? கட்டும் என்றால் தைரியமாக அனுப்புங்கள். நல்ல படிப்பு வீண்போகாது. கட்டாது, வீடு போய்விடும் என்றால் இந்தக் கடனுக்குப் பத்திரத்தை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. செலவு குறைந்த அரசுப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம், அட்மிஷனை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். விசா கிடைத்த பிறகுதான் பணம் விடுவிப்போம் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குவதும் அவசியம்.

ஐ-20-ல் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். ஸ்டெம் படிப்பா இல்லையா என்பதை அந்த எண்தான் முடிவு செய்யும், படிப்பின் பெயர் இல்லை. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு படிப்புகளில் ஒன்று பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது. அந்த எண்ணையும், வங்கி சொன்ன கடன் தொகையையும் வட்டியையும் எனக்கு அனுப்புங்கள். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று பேருமாகக் கணக்குப் போட்டுவிடலாம்.