பினாங்கில் வீடு: பத்து ஃபெரிங்கி வேண்டாம், பாயான் பாரு பாருங்கள்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை, கார் கிடையாது, கூட வயதான அம்மா, ஆனாலும் கடலுக்காக பத்து ஃபெரிங்கியில் வீடு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது தீவின் வட கரை, உங்கள் வேலை தென்கிழக்கில். மலையை ஒட்டி வளைந்து வளைந்து வரும் சாலையைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன் நெரிசல், அதையும் தாண்டினால்தான் பாயான் லெப்பாஸ், தினமும் இரண்டு வேளை இதை பஸ்ஸில் கடந்தால் அம்மாவோடு இருக்க வேண்டிய நேரமெல்லாம் சாலையிலேயே போய்விடும்.

பாயான் பாரு என்ற பகுதியைப் பாருங்கள். தொழிற்பேட்டை பக்கத்திலேயே, சந்தை, கிளினிக், சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு. சுங்கை ஆராவும் பரவாயில்லை, ஆனால் மேட்டில் இருக்கும் அடுக்குமாடி என்றால் அம்மா நடந்து இறங்கி ஏற முடியுமா என்று நேரில் பார்த்துவிடுங்கள். கோயிலுக்கு, குவீன் தெரு மாரியம்மனும் லிட்டில் இந்தியாவும் ஜார்ஜ் டவுனில்தான். ஞாயிற்றுக்கிழமை ரேப்பிட் பினாங்கு பஸ்ஸில் கூட்டிப் போகலாம்.

அப்புறம் முன்பணம்: வழக்கமாக இரண்டு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை தனி. கையெழுத்துப் போடும் முன் 2017 நவம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், ஏஜென்டிடம் அல்ல.