சிங்கப்பூரில் செமிகண்டக்டர் லேசர் ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டுகிறதாமே, அதை நம்பி பிஎச்டி சேரலாமா?

ஊரில் எம்.டெக் முடித்துவிட்டு, இங்குள்ள ஒரு புரொஃபசரிடமிருந்து சாதகமாக மெயில் வந்த சந்தோஷத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாராளமாகச் சேருங்கள். ஆனால் அந்தப் பணத்தை நம்பி வேண்டாம்.

நீங்கள் படித்த தொகை பொய்யில்லை. 2021 முதல் 2025 வரையான ஐந்தாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு அரசு ஒதுக்கியது 25 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதற்கு முந்தைய ஐந்தாண்டுக்கு 19 பில்லியன். மருத்துவம், உற்பத்தி, கணினி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இது. அதிலிருந்து ஒரு லேசர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்வது ஒரு கிராண்ட், அதாவது ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்று தரும் நிதி. அதற்கு முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதி உங்கள் புரொஃபசரைவிட உங்களைத்தான் அதிகம் பாதிக்கும்.

நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பொறியாளராக இருந்தவன். எது என்று சொல்ல மாட்டேன், தீவு சின்னது. இண்டியம் பாஸ்பைடு என்ற செமிகண்டக்டர் படிகத்தில் 1550 நானோமீட்டர் லேசர் செய்வது எங்கள் வேலை. தகவல் கொண்டுபோகும் கண்ணாடி இழையான ஃபைபருக்குள் ஒளி மிகக் குறைவாக இழப்பாகும் அலைநீளம் அது. வேஃபர் என்ற மெல்லிய படிகத் தகட்டில் வரிவரியாகப் பொறித்து, மின்முனை பூசி, முதுகைத் தேய்த்து மெலிதாக்கி, கடைசியாகப் பிளக்க வேண்டும். ஓரத்தில் வைர முனையால் ஒரு கீறல் போட்டு மெல்ல அழுத்தினால், படிகத்தின் தளத்தோடு தானே பிளந்துகொள்ளும். பிளந்த அந்த முகம்தான் லேசரின் கண்ணாடி. தனியாக எதுவும் பூசாமலே சுமார் 30 விழுக்காடு ஒளியைத் திருப்பி உள்ளே அனுப்பும். கீறல் கொஞ்சம் சாய்ந்தாலும் முகம் படிக்கட்டாகிவிடும். மாதக்கணக்கில் செய்தது குப்பைக்குப் போகும். எங்கள் கூடத்தில் இந்தக் கை எனக்கு நன்றாக வந்திருந்தது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நல்ல வேஃபர் ஒன்று கடைசியில் கைக்கு வந்த நேரம் பார்த்து கிராண்ட் முடிந்தது. புராஜெக்ட் கணக்கு மூடப்பட்டதால் கிளீன்ரூம் (சிப் செய்யும் தூசியில்லா அறை) முன்பதிவு எடுபடவில்லை. அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். பல லட்சம் வெள்ளி மெஷின் சும்மா நிற்கிறது, வேஃபர் நைட்ரஜன் பெட்டியில் கிடக்கிறது, நான் வெளியே நிற்கிறேன். பக்கத்துக் கூடத்து வியட்நாம் தம்பி ஒருவன் தன் நேரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தான். அப்படித்தான் பிளந்தேன். மின்னோட்டத்தை ஏற்ற ஏற்ற பவர் மீட்டரில் கோடு தரையோடு ஊர்ந்துகொண்டிருந்தது, ஓரிடத்தில் சட்டென்று திரும்பி மேலே ஏறியது; அங்கேதான் அது லேசராகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் பார்க்கக் கிடைப்பது அந்தத் திருப்பம் மட்டும்தான். அப்புறம் என் ஒப்பந்தமும் முடிந்தது. கட்டுரையை மற்றவர்கள் முடித்தார்கள்.

“இலவசமாக விளையாட அரசாங்கம் பணம் தர வேண்டுமா, வரிப்பணமாச்சே” என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதுவார். கணக்கு கேட்பது நியாயம்தான். நான் சொல்வது கால அளவைப் பற்றி. முதல் செமிகண்டக்டர் லேசர் 1962இல் திரவ நைட்ரஜன் குளிரில் ஒளிர்ந்தது. அறை வெப்பநிலையில் விடாமல் எரிய 1970 ஆனது. அதைச் சாத்தியமாக்கிய, வெவ்வேறு செமிகண்டக்டர்களை அடுக்கும் அமைப்பை ஹெர்பர்ட் குரோமர் என்ற இயற்பியலாளர் 1963லேயே முன்வைத்தார். இதனால் பயனில்லை என்று அவர் வேலை பார்த்த நிறுவனம் காசு தரவில்லை. 2000இல் அதே யோசனைக்கு நோபல் பரிசு. மூன்று வருட கிராண்டுக்கான விண்ணப்பத்தில் ‘பயன்’ என்ற இடத்தில் இவர் என்ன எழுதியிருப்பார்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இங்குள்ள தமிழ் அமைப்பு ஒன்று ‘அறிவியல் தமிழ்’ என்று என்னைப் பேச அழைத்தது. கால் மணி நேரம் என்றார்கள். பொன்னாடை, மாலை, பிரமுகர் உரை, சிறுவர் நடனம் எல்லாம் முடிந்தபின் “ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக்குங்க சார், சாப்பாடு ஆறுது” என்றார்கள். இறங்கியதும் ஒரு பெரியவர் கேட்டார்: “தம்பி, லேசர்னா கண்புரைக்குப் பண்றதுதானே, எவ்வளவு ஆகும்?” அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் ஒருவர்தான் கேள்வி கேட்டார்.

சரி, உங்கள் விஷயம். தரத்தில் குறையில்லை. மின்சாரத்தில் இயங்கும் டோப்பாலஜிக்கல் லேசரை (வளைவோ குறையோ இருந்தாலும் ஒளி சிதறாமல் சுற்றிவரும் வகை) 2020இல் நேச்சர் இதழில் வெளியிட்டது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் லீட்ஸும் சேர்ந்த குழு. வேலை வாய்ப்பும் முன்னைவிட நன்றாக இருக்கிறது: சிலிக்கான் தானாக நன்றாக ஒளிராது, அதனால் டேட்டா சென்டர் சிப்போடு இண்டியம் பாஸ்பைடு லேசரை ஒட்டத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். பிஎச்டிக்கு சிங்கா (வெளிநாட்டு மாணவர்களுக்கு சிங்கப்பூர் தருவது) போன்ற உதவித்தொகை கிடைத்தால் 4 வருடம்வரை உங்கள் சோற்றுக்கு கிராண்டை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வேஃபருக்கும் கிளீன்ரூம் மணிக்கும் காசு அந்த கிராண்டிலிருந்துதான் வரும்.

எனவே சேருமுன் புரொஃபசருக்கு ஒரு மெயில் போடுங்கள்: இப்போதுள்ள கிராண்ட் எந்த மாதம் முடிகிறது, அடுத்ததற்கு விண்ணப்பித்தாயிற்றா, நடுவில் கிளீன்ரூம் செலவு யார் கணக்கில்? அப்படியே அவருடைய இப்போதைய மாணவர் ஒருவருக்கும் தனியாக எழுதுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் மாணவர் சொல்வதை நம்புங்கள்.