வாக்குத்தத்த அட்டையும் எழுபது வருடமும்

அன்புள்ள ஐயா,

போன டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை (புது வருடத்துக்கென்று ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் வேத வசன அட்டை) எரேமியா 29:11. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே, நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று அப்போதே தெரியும். அட்டையை அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்தேன். ஆகஸ்டில் அம்மா போய்விட்டார்கள். துக்கம் கேட்க வந்த ஓர் ஊழியக்காரர், வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு என்றார். அதற்குப் பிறகு எந்தப் பிரசங்கமும் காதில் ஏறவில்லை. தப்பு என்னிடமா, வசனத்திலா?

(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

அன்புள்ள சகோதரி,

உங்களிடம் தப்பில்லை. அந்த ஊழியக்காரர் சொன்னது கொடுமை, வேதத்துக்கும் விரோதம். பவுலின் உறுமாலைக் கொண்டுபோய்ப் போட்டதும் வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19இல் இருக்கிறது, அதே பவுல்தான் தன்னோடு பயணம் பண்ணின ஒருவரைப் பற்றி, ‘துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்’ என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். யாருடைய விசுவாசக் குறைவு அது?

வசனத்திலும் தப்பில்லை, ஆனால் அதை ஒரு கடிதத்திலிருந்து கத்தரித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். கி.மு. 597இல் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்கிறார், 10ஆம் வசனத்தில் ஊர் திரும்ப எழுபது வருடம் ஆகும் என்கிறார். அப்படியென்றால் அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாருமே ஊர் திரும்பப் போவதில்லை. 11ஆம் வசனம் அவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது. இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான், ஆலயத்தில் எல்லார் முன்னாலும் ‘இரண்டே வருடம்’, எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான், எரேமியாவே அதற்கு ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்கிறார், ஏனென்றால் அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கர்த்தர் அதைச் சொல்லவில்லை.

இன்றைக்குப் பிரசங்கத்துக்குப் பெரிய சவால் விஞ்ஞானம், நாத்திகம் என்றெல்லாம் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் பிரசங்கத்தைப் பண்ணுவதுதான் பெரிய ஆபத்து. நானும் சில வருடம் ஒரு சபையில் பிரசங்கித்தவன்தான். இதே வசனத்தை வைத்து, ‘உங்கள் கஷ்டம் இந்த வருடமே முடியும்’ என்று சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் ஒரு அக்கா ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர்களும் பிழைக்கவில்லை. சுகம் கிடைத்தவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறோம், சரி, கிடைக்காதவர்கள் எங்கே பேசுவது? சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான், ஆனால் அவற்றின்மேல் பிரசங்கம் கேட்டு எத்தனை வருடமாகிறது!

அட்டையைக் கிழிக்க வேண்டாம். மனது வரும்போது 29ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். இப்போதைக்கு 88ஆம் சங்கீதம் போதும், ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது, அதுவும் ஜெபம்தான். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சத்தமாகவே வாசியுங்கள். அப்புறம் அம்மாவைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.