படகில் ஏறும்போது கவசம் போட்டிருக்கிறீர்களா?

மேசை ரோல்பிளேயிங் விளையாட்டுகள் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுகள்) பற்றிய வாசகர் கேள்விகள். இந்த இதழில் ஆயுதமும் கவசமும்.

கே: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் உடம்பு முழுக்கத் தகட்டுக் கவசம் போட்டவனை அடிப்பதே கடினம் என்கிறது விதி. இரும்பைச் சுமப்பவன்மேல் அடி சுலபமாக விழ வேண்டாமா? கவசம் காயத்தைத்தானே குறைக்க வேண்டும்? (வாசகர், திருச்சி)

ப: இதே கேள்வியோடுதான் நானும் இந்த விளையாட்டுக்குள் வந்தேன். பதினோரு வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில், கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் டிஎம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என் பதில் இது: ஆர்மர் கிளாஸ், அதாவது ஒருவனை அடிக்கப் பகடையில் எட்ட வேண்டிய எண், கேட்பது ஒரே கேள்வி. வெட்டு சதை வரை போனதா?

பகடை தவறியதும் "கத்தி காற்றை வெட்டியது" என்று டிஎம் சொல்லிவிடுகிறார். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. "வாள் உன் தோள் தகட்டில் பட்டு வழுக்கிப் போகிறது, கை மரத்துப்போகிறது" என்று சொல்லிப் பாருங்கள். விதியில் ஓர் எழுத்து மாறாது. ஆனால் இரும்பு வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும்.

கணக்கும் போட்டுவிடுவோம். 2014-ல் வந்த பதிப்பின் விதிப்படி, தாக்குபவர் தன் பகடையோடு 5 கூட்டிக்கொள்வார், கையில் நீள்வாள், அடி 1டி8+3 (ஓர் எட்டு முகப் பகடையின் எண்ணோடு 3). கவசமே இல்லாதவனுக்கு ஆர்மர் கிளாஸ் 10. இருபது முகப் பகடையில் 5 விழுந்தால் போதும், அதாவது 80 சதவீதம். தகட்டுக் கவசக்காரனுக்கு 18. இப்போது 13 விழ வேண்டும், 40 சதவீதம். ஓர் அடியின் சராசரி 7.5 புள்ளி. இருபது விழுந்தால் கிடைக்கும் கூடுதல் பகடையைத் தள்ளிவைத்தால், வீச்சுக்கு 6 புள்ளி இழந்தவன் இப்போது 3 இழக்கிறான். நீங்கள் கேட்டபடியே காயம் பாதியாகிவிட்டது. சராசரியில் ஒளிந்திருப்பதால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் இந்த விளையாட்டை வெளியிட்டபோது எண்கள் தலைகீழாக இருந்தன. வெறும் உடம்புக்கு 9, தகட்டுக் கவசமும் கேடயமும் சேர்ந்தால் 2. இரும்புக் கப்பல்கள் மோதும் கடற்போர் விளையாட்டுக்குத் தாம் எழுதிய விதிகளிலிருந்து ஆர்மர் கிளாஸை எடுத்ததாக ஆர்னெசன் பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார். கப்பல் குனிந்து தப்பிக்காது. குண்டு தகட்டைத் துளைத்ததா இல்லையா, அதுதான் கேள்வி. இதைப் படித்த அன்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எண் கூடக் கூடக் கவசம் பலம் என்ற இன்றைய முறை 2000-ல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தது.

நீங்கள் விரும்புகிற மாதிரி நேராகக் கழிக்கும் விளையாட்டும் உண்டு. 1978-ல் வந்த ரூன்குவெஸ்ட். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் பெரின், கலிஃபோர்னியாவில் கவசம் அணிந்து பிரம்பு வாளால் சண்டைப் பயிற்சி செய்த கூட்டத்தைச் சேர்ந்தவர். அங்கே அடி எந்த உறுப்பில் விழுந்தது என்று தனியாக ஒரு பகடை. அந்த உறுப்பின் கவசப் புள்ளியைக் கழித்து மிஞ்சுவதே காயம். ஒருவருக்கொருவர் மோதும்போது மெய்சிலிர்க்கும். நாலு பேர் எட்டுப் பேரோடு மோதினால் இரவு பத்து மணியாகிவிடும். இருவர் மட்டும் விளையாடுவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு ரூன்குவெஸ்ட் வாங்குங்கள்.

கே: குமிழ் ஆணி பதித்த தோல் கவசம், அதாவது 'ஸ்டடட் லெதர்', நிஜத்தில் இருந்ததா? (கல்லூரி மாணவி, கோவை)

ப: விதிப்புத்தகம் காட்டும் வடிவில் இல்லை. பிரிகண்டைன் என்ற கவசத்தில் சிறு இரும்புத் தகடுகளைத் துணிக்கோ தோலுக்கோ உள்பக்கமாக வைத்து ஆணி அடிப்பார்கள். வெளியே ஆணித் தலைகள் மட்டும் தெரியும். பழைய ஓவியங்களில் அதைப் பார்த்தவர்கள் ஆணிதான் கவசம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆர்மர் கிளாஸ் 12 என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே தகடு இருப்பதாக வர்ணியுங்கள்.

கே: இரு கைப் பெருவாள் 2டி6, பெருங்கோடரி 1டி12. எதை எடுப்பது? (வாசகர், மதுரை)

ப: சராசரி பார்த்தால் வாள்: 7-க்கு 6.5. ஆனால் முழு 12 விழும் வாய்ப்பு வாளுக்கு 36-ல் ஒன்று, கோடரிக்கு 12-ல் ஒன்று. கோடரி 1-க்கும் இறங்கும், வாள் 2-க்குக் கீழே போகாது. வாள் 50 பொற்காசு, கோடரி 30. பார்பேரியன் (வெறிகொண்டு மோதும் வீரன்) என்றால் கோடரிதான்: 2014 விதியில் அவனுக்கு ஒன்பதாம் நிலையில் கிரிட்டிகலுக்கு (இருபது விழும் அடிக்கு) ஆயுதத்தின் பகடை ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். அது டி6 ஆக இருப்பதைவிட டி12 ஆக இருப்பது எவ்வளவு மேல்!

1974-ல் இந்தத் தலைவலி கிடையாது. குத்துவாளோ கோடரியோ, எல்லாவற்றுக்கும் ஒரே டி6. மறுவருடம் வந்த துணை நூல்தான் ஆயுதத்துக்கு ஒரு பகடை கொடுத்தது. அன்றிலிருந்து எல்லோரும் பெரிய பகடையைத் தேடுகிறார்கள். 2024 விதிகள் இதைக் கொஞ்சம் சரிசெய்துள்ளன. பழகிய கையில் பெருவாள், பகடை தவறினாலும் சிறு காயம் தரும். கோடரி பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்து வெட்டப் பார்க்கும். பகடையின் அளவைவிட ஆயுதத்தின் குணம் பேசுகிறது. எனக்கு இதில் மனநிறைவு.

கே: எங்கள் ஃபைட்டர் (போர்வீரன் பாத்திரம்) கவசத்தோடுதான் தூங்குவேன் என்கிறான். விடலாமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், சேலம்)

ப: தம்பி, இந்த மாத உறையில் எனக்குப் பிடித்த கேள்வி உன்னுடையது.

பெரும்பாலோர் புரட்டிவிடும் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. கனத்த கவசம் மாட்ட 10 நிமிடம், கழற்ற 5. தோல் போன்ற லேசான கவசத்துக்கு ஒரு நிமிடம். ஒரு சுற்று 6 விநாடி, ஆகவே 10 நிமிடம் என்பது 100 சுற்று. என் மேசையில் ஐந்து சுற்றைத் தாண்டிய சண்டைகள் குறைவு. கவசத்தைக் கழற்றிவிட்டுத் தூங்கும்போது நடுராத்திரியில் கூடாரத்துக்குத் தீ வைத்தால் உன் ஃபைட்டர் கேடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டுதான் ஓடிவர வேண்டும். கவசத்தோடு தூங்கலாம் என்றால் அதற்கும் விலை உண்டு: 2017-ல் வந்த துணை நூலின் விருப்ப விதிப்படி, நடுத்தர அல்லது கனத்த கவசத்தோடு தூங்கி எழுந்தால், செலவான ஹிட் டைஸில் (ஓய்வில் காயம் ஆற்ற உருட்டும் பகடைகளில்) கால்வாசிதான் திரும்பும், களைப்பும் குறையாது. தடுக்காதே. விலையை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவனே முடிவு செய்யட்டும்.

முன்கூட்டியே என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடம் முன்பு, எங்கள் குழுவில் ஒரு பெண் ஃபைட்டரை வைத்து ஆடினாள். 1,500 பொற்காசு சேர்த்துத் தகட்டுக் கவசம் வாங்க அவளுக்கு ஏழு மாதம் பிடித்தது. வாங்கிய மூன்றாவது வாரம் படகு கவிழ்ந்தது. "இரும்பு, மூழ்கிவிட்டாய்" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். விதியில் அப்படி ஒரு வரி கிடையாது. 65 பவுண்டு எடை, பதுங்கும்போது இரைச்சல், பலம் 15 இல்லாவிட்டால் நடை தளரும், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. நிஜக் கவசமும் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோதான். உடம்பு முழுக்கப் பரவியிருக்கும், அதைப் போட்டுக்கொண்டு குதிரை ஏறினார்கள், ஓடினார்கள். ஆற்றில் விழுந்தால் ஆபத்து என்பது உண்மைதான். ஆனால் படகில் ஏறும்போது நான் அவளைக் கேட்கவே இல்லை. அவள் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள், அடுத்த வாரம் வரவில்லை.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் காட்சியைப் படகுத்துறையிலிருந்து மறுபடி ஆடினோம். "படகில் ஏறுகிறாய், கவசம் போட்டபடியா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கழற்றி மூட்டை கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். அக்கரையில் பதுங்கியிருந்தவர்கள் வெளியே வந்தபோது அவள் ஆர்மர் கிளாஸ் 11-ல் நின்றாள், தப்பித்தாள். அன்றிலிருந்து அவளுடைய ஃபைட்டர் மூட்டையில் 10 பொற்காசு விலையுள்ள ஒரு தோல் கவசமும் எப்போதும் இருக்கும்.