ஒழுகும் விமானம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அமெரிக்காவின் எஸ்ஆர்-71 உளவு விமானம் தரையில் நிற்கும்போது எரிபொருள் ஒழுகுமாமே? சூட்டில் உலோகம் விரியும் என்று வேண்டுமென்றே இடைவெளி விட்டுக் கட்டினார்களா?

பதில்: ஒழுகியது உண்மை. ஒழுகட்டும் என்று கட்டினார்கள் என்பதுதான் தவறு.

1964-இல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தில் எரிபொருளுக்கென்று தனி டேங்க் கிடையாது. உடம்பின், இறக்கையின் டைட்டானியத் தகடுகளே டேங்க்கின் சுவர். தகடுகள் சேரும் இடங்களை உள்ளிருந்து சீலண்ட் என்ற அடைப்புப் பசை பூசி அடைத்திருந்தார்கள். ஒலியைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வேகம் போகும்போது மேல்தகடு 250 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும், இறங்கியதும் ஆறும். ஒவ்வொரு பறத்தலிலும் உலோகம் விரிந்து சுருங்க, சீலண்ட் காய்ந்து, வெடித்து, விளிம்பில் பெயரும். அந்த வெடிப்பு வழியாகத்தான் சொட்டியது. சூடேறித் தகடுகள் விரிந்து நெருங்கியதும் கசிவு பெரும்பாலும் அடங்கிவிடும்.

முழுதாகச் சுரண்டி மறுபடி பூசுவது நாள்கணக்கில் இழுக்கும் வேலை. பூசினாலும் சில பறத்தல்களில் மறுபடி வெடிக்கும். அதனால் எந்தப் பகுதியில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு வரை பொறுக்கலாம் என்று கையேட்டிலேயே வரம்பு வைத்தார்கள். பராமரிப்புக் குழு சொட்டுகளை எண்ணிப் பார்க்கும். வரம்பு மீறிய இடத்தை மட்டும் அடைக்கும். ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) விமானத்தின் அடியில் தட்டுகள் வைத்திருப்பார்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை: ஒழுகித் தீர்ந்துபோவதால்தான் மேலெழுந்த உடனே வானில் எரிபொருள் நிரப்பினார்கள் என்பது. டேங்க்கை நிரப்பாமல் கிளம்பியதற்கு முக்கியக் காரணம் பாதுகாப்பு. ஓடுபாதையில் ஓர் என்ஜின் நின்றால் எடை குறைந்த விமானத்தைச் சமாளிக்கலாம், டயருக்கும் பிரேக்குக்கும் சுமை குறையும். வானில் டேங்க்கை நிரப்பும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். பிறகு எரிபொருள் குறையக் குறைய அந்த இடத்தை நைட்ரஜன் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு சூட்டில் டேங்க்குக்குள் ஆக்சிஜன் இருக்கவே கூடாது.

கேள்வி: சொட்டிய எரிபொருள் தீப்பிடிக்காதா?

பதில்: அதில் ஊற்றியது ஜேபி-7. தீப்பொறி பட்டால் இதன் ஆவி பற்றும் வெப்பநிலை குறைந்தது 60 டிகிரி செல்சியஸ். பயணிகள் விமானங்களின் ஜெட் ஏ-1-க்கு அது 38 டிகிரிதான். என்ஜினில் ஜேபி-7-ஐப் பற்றவைக்கவே, காற்றுப் பட்டதும் தானாக எரியும் டிரைஎத்தில்போரேன் என்ற திரவம் தேவைப்பட்டது. அதற்காகக் கசிவை அலட்சியமாக விடலாம் என்று அர்த்தமில்லை.

கேள்வி: சாதாரண விமானத்தில் இறக்கையடியில் ஈரம் தெரிந்தால்?

பதில்: துடைத்துவிட்டு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நனைந்த வட்டம் 2 செ.மீ.க்குள் இருந்தால் கறை, 4 செ.மீ. வரை கசிவு, 10 செ.மீ. வரை கடுங்கசிவு. வழிந்தோடினால் விமானம் பறக்கக் கூடாது. மற்றவற்றில் எதைப் பொறுக்கலாம் என்பது, ஈரம் எங்கே இருக்கிறது என்பதையும் அந்த விமானத்தின் கையேட்டையும் பொறுத்தது. விமானத்தின் மூடிய அறைக்குள் சிறு கசிவுகூட ஆபத்து, ஆவி அங்கே தங்கிவிடும்.

சிரமம் மூலத்தைக் கண்டுபிடிப்பதில்தான். வெளியே ஈரம் தெரியும் இடத்துக்கும் உள்ளே சீலண்ட் விட்ட இடத்துக்கும் தூரம் இருக்கலாம். எரிபொருள் இடையில் சட்டங்களை ஒட்டி ஊர்ந்து வரும். டேங்க்கைக் காலிசெய்து, ஆவியை வெளியேற்றி, கருவியால் அளந்து பாதுகாப்பு உறுதியான பிறகே ஆள் உள்ளே இறங்குவார். வெளியே ஒருவர் காவல் நிற்பார். ஈரம் தெரிந்த இடத்தில் வெளியிலிருந்து மெல்லக் காற்றைச் செலுத்தி, உள்ளே சோப்பு நீர் தடவினால் மூலத்தில் குமிழி கிளம்பும். பழைய சீலண்டின் மேலேயே புதியதைப் பூசி மறைக்காமல், பெயர்ந்ததை முழுக்கச் சுரண்டி, சுத்தம் செய்து, பிறகு பூச வேண்டும்.