வார்த்தை தேடும் செயலிக்கு வாரம் 299 ரூபாயா?

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஸ்கிராபிள் (எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கில வார்த்தை அமைக்கும் விளையாட்டு) போட்டி வருகிறது. கையில் உள்ள எழுத்துகளைக் கொடுத்தால் ஆங்கில வார்த்தை சொல்லும் ஆப் ஒன்றை என் போனில் இறக்கினாள். மூன்று நாள் இலவசம் என்றார்கள். இப்போது வாரம் 299 ரூபாய் போகிறது. ஆப்பை நீக்கியும் நிற்கவில்லை. வேறு நல்ல ஆப் வாங்கலாமா?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில் பணம் போவதை நிறுத்துவோம். போனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் கேன்சல் கொடுங்கள். யுபிஐ வழியாகப் பணம் போகிறதென்றால், யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலையும் பார்த்து அனுமதியை ரத்து செய்யுங்கள். கடைசியாகப் பணம் எடுத்து 48 மணி நேரம் ஆகவில்லையென்றால் பிளே ஸ்டோரிலேயே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதைத் தாண்டிவிட்டால் செயலி நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அவர்கள் பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சேருவதைச் சுலபமாக்கிவிட்டு, விலகும் வழியை ஒளித்துவைக்கும் சந்தாப் பொறியை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன. புகாரில் இதைக் குறிப்பிடுங்கள்.

இனி வேறு ஆப் பற்றி. இந்த வேலைக்கு மாதா மாதம் பணம் கட்டவே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. இந்தச் செயலிகள் எல்லாம் செய்வது ஒன்றுதான்: ஒரு வார்த்தைப் பட்டியலை வைத்துக்கொண்டு, நீங்கள் கொடுத்த எழுத்துகள் எதில் இருக்கின்றன என்று சலித்துத் தருகின்றன. இதை இலவசமாகச் செய்யும் இணையதளங்கள் நிறைய உண்டு. ஒன்லுக் அகராதித் தளத்தில் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், பொருந்தும் வார்த்தைகள் வந்து நிற்கும். நடு எழுத்து எக்ஸ், மொத்தம் ஐந்து எழுத்து என்றுகூடத் தேடலாம். குறுக்கெழுத்துக்கும் இது உதவும்.

ஆனால் எந்தப் பட்டியல் என்பது முக்கியம். இந்தியப் போட்டிகளில் காலின்ஸ் பதிப்பகத்தின் வார்த்தைப் பட்டியல் நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் வேறு பட்டியல். காலின்ஸ் 2019 பதிப்பில் சுமார் 2,79,000 வார்த்தைகள். அமெரிக்கப் பட்டியல் அதைவிடச் சிறியது. அதை வைத்துப் பயிற்சி எடுத்த பிள்ளை, செல்லுபடியாகும் வார்த்தையையே வைக்கத் தயங்கும். எந்தப் பட்டியல் என்று பள்ளியில் கேட்டுவிட்டு, அதைத் தேர்ந்தெடுக்க வழிவிடும் தளத்தைப் பயன்படுத்துங்கள். வெறும் தேடலுக்கே கார்டு எண் கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். போட்டி மேஜையில் போன் இருக்காது. அதனால் தேடல் வசதியை விளையாடி முடித்த பிறகு, எந்த வார்த்தையைத் தவறவிட்டோம் என்று பார்க்கப் பயன்படுத்தட்டும். இரண்டெழுத்து வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்யட்டும். 10 மதிப்பெண் உள்ள கியூவை, கையில் யூ இல்லாமலே கியூ-ஐ என்று இரண்டே எழுத்தில் இறக்கலாம். கியூ-ஏ-டி (QAT) என்று மூன்றிலும் இறக்கலாம். இஸட்டுக்கு இஸட்-ஏ இருக்கிறது. இவை தெரிந்த பிள்ளை கடைசி நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்காராது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பேரப்பிள்ளைகளோடு விளையாட புத்தகம் வாங்கலாமா, ஆப் நல்லதா?
- வாசகர், ஏற்காடு

பதில்: ஐயா, புத்தகமும் வாங்குங்கள், ஆனால் அதனால் என்ன முடியும் என்று தெரிந்து வாங்குங்கள். அச்சுப் பட்டியல் அகர வரிசையில் இருக்கும். ஒரு வார்த்தை உண்டா இல்லையா என்று பேரன்களுக்குள் சண்டை வந்தால் தீர்த்துவைக்கும். நடுவில் ஜே வரும் வார்த்தை எது என்று அதில் தேட முடியாது. காலின்ஸில் 'ஸ்கிராபிள் வேர்ட்ஸ்' வெறும் பட்டியல். 'ஸ்கிராபிள் டிக்ஷனரி'யில் பொருளும் உண்டு. பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் சரி. ஆன்லைனில் வாங்கும்போது அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் புத்தகம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடலுக்கு, பட்டியலைப் போனிலேயே வைத்துக்கொள்ளும் செயலி வேண்டும். இத்தனை லட்சம் வார்த்தைகளும் எழுத்தாகச் சில எம்பிதான், ஆகவே சிக்னல் இல்லாமல் ஓடுவது பெரிய காரியமில்லை. சேலத்துக்கு இறங்கும்போது பதிவிறக்கி, மலையேறும் முன்பே ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு வார்த்தை தேடிப் பாருங்கள். வந்தால் வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கடைவீதியில் வாங்கிய வார்த்தை விளையாட்டுப் பெட்டியில் சில எழுத்துகளே இல்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் இருக்கிறது.
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: அந்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் வேறு கெடு சொல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆங்கில ஸ்கிராபிள் பெட்டியில் மொத்தம் 100 கட்டைகள்: ஈ 12, ஏ 9, ஐ 9, ஓ 8, வெற்றுக் கட்டை 2, கியூ, இஸட், ஜே, எக்ஸ், கே தலா ஒன்று. வேறு பெயரில் வரும் பெட்டி என்றால் அட்டையில் அச்சிட்ட எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எண்ணிப் படம் எடுத்து, பில்லோடு கடைக்குப் போய்ப் பொறுமையாகக் கேளுங்கள். மறுத்தால் 1915. அதிலும் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.